பத்திரத்தில் எழுதிய ஊர்: ஷேக்கர் ஹைட்ஸ் பயணக் குறிப்புகள்

நாள் 1: டவர் சிட்டியிலிருந்து ஷேக்கர் ஸ்கொயர் வரை

ஈஸ்டரையொட்டி கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்கு வருகிறவர்கள் பொதுவாகப் பார்ப்பது கச்சேரி நடக்கும் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக அரங்கு, தங்கும் ஹோட்டல், பார்மாவில் இருக்கும் சிவா விஷ்ணு கோயில். பொழுது மிஞ்சினால் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகம். 1978லிருந்து நடக்கிற விழா இது. வருடா வருடம் வருகிறவர்கள்கூட கிழக்கே அரை மணி ரயில் தூரத்தில் இருக்கிற ஷேக்கர் ஹைட்ஸுக்குப் போவதில்லை. ஆறு சதுர மைலுக்குச் சற்று மேலான ஊர். 2020 கணக்கெடுப்பில் 29,439 பேர். சுற்றுலா இடம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்கப் புறநகர் எப்படி உண்டாக்கப்பட்டது, யாருக்காக, யாரை வெளியே நிறுத்தி என்பதை நடந்தே பார்க்க இதைவிட நல்ல ஊர் ஒஹையோ மாநிலத்தில் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இங்கே மனைதான் முதலில் வந்தது. மனை விற்க ரயில் போட்டார்கள். ரயிலுக்கு வழி வேண்டும் என்று ஒரு ரயில்வே கம்பெனியையே வாங்கினார்கள். ஊராட்சி, பள்ளிக்கூடம், தெருவின் வளைவு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ரயில் பற்றிய நடைமுறை விவரம் முதலில். ஹாப்கின்ஸ் விமான நிலையத்தின் அடியிலேயே ரெட் லைன் கிளம்புகிறது. நகர மையத்தில் டவர் சிட்டி நிலையத்தில் இறங்கி புளூ லைன் அல்லது கிரீன் லைனுக்கு மாற வேண்டும். இந்த இரண்டையும் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ரேப்பிட் என்றுதான் சொல்வார்கள். ஒரு முறை போக 2.50 டாலர், நாள் முழுதும் செல்லும் பாஸ் 5 டாலர். ஏறி இறங்கிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பாஸ்தான் லாபம். கட்டணம் மாறக்கூடியது, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, கிழக்கு 55ஆம் தெரு போன்ற நிலையங்களில் ரெட் லைனும் மற்ற இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ரெட் லைன் பெட்டி உயரமான நடைமேடைக்கு ஏற்றது. புளூவும் கிரீனும் படி ஏறிப் போகும் தாழ்வான வகை. அதனால் ஒரே நிலையத்தில் நடைமேடை உயரமாக ஒரு பகுதி, தாழ்வாக ஒரு பகுதி என்று இருக்கும். உயரமான பக்கத்தில் நின்றால் உங்கள் ரயில் தள்ளிப்போய்த்தான் நிற்கும். இரண்டாவது, ஷேக்கர் ஸ்கொயருக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகிறது. கிரீன், ஷேக்கர் புலிவார்டின் நடுவே கிரீன் ரோடு வரை போகும். புளூ, வான் ஏக்கன் புலிவார்டின் நடுவே வாரன்ஸ்வில் சந்திப்பு வரை. மாற்றி ஏறிவிட்டால் பதற வேண்டாம். லீ ரோடு இரண்டையும் இணைக்கிறது, நடுவில் சுமார் ஒரு மைல் நடை. கிளைப் பாதையில் அரை மணிக்கு ஒரு ரயில் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் பேருந்து விடுவதும் உண்டு.

டவர் சிட்டியை விட்டதும் ரயில் கிங்ஸ்பரி ரன் என்ற பழைய ஓடைப் பள்ளத்தில் இறங்குகிறது. இருபுறமும் தொழிற்சாலைகளின் முதுகு, பணிமனை, காலி மனைகள். பிறகு மெதுவாக ஏறத் தொடங்கும். ஈரி ஏரியின் மட்டத்திலிருந்து பார்த்தால் ஷேக்கர் ஹைட்ஸ் நானூறு அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இந்த ஏற்றத்தில்தான் ஊரின் வரலாறே சிக்கிக்கொண்டு நின்றது. மேலே நிலம் கொள்ளை மலிவு. ஏன் என்றால் அங்கே போய்வர வழி இல்லை.

இதைப் புரிந்துகொண்ட இருவர் வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள். அண்ணன் ஓரிஸ் பாக்ஸ்டன், தம்பி மாண்டிஸ் ஜேம்ஸ். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, பெரிய மாளிகை கட்டிய பிறகும் ஒரே அறையில் படுத்தார்கள். 1905 வாக்கில் மேட்டு நிலத்தைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் முறை எளிமையானது. கொஞ்சம் பணம் கொடுத்து ஒரு துண்டுக்கு ஒப்பந்தம் போடு, அதை மனையாக்கி விற்று வந்த பணத்தில் இன்னும் பெரிய துண்டுக்குப் போ. முதலில் ஃபேர்மவுண்ட் புலிவார்டு வழியாக டிராம் மேலே வந்தது. ஆனால் டிராம் நகரத் தெருக்களில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஊர்ந்தது. வேலைக்குப் போகிற பணக்காரனை மேட்டில் குடியேற்ற அது போதாது. யாரும் குறுக்கே வராத தனிப்பாதை வேண்டும்.

அந்தப் பாதைக்கு ஏற்ற இடம் கிங்ஸ்பரி ரன்தான். நிக்கல் பிளேட் ரயில்வேயின் வழி அந்தப் பள்ளத்தில் இருந்தது. 1916ல் நியூயார்க் சென்ட்ரல் கம்பெனி, ஏகபோகத் தடைச் சட்டத்தின் நெருக்கடியில் நிக்கல் பிளேட்டை விற்றாக வேண்டிய நிலையில் இருந்தது. சில மைல் பாதைக்காக முழு ரயில்வேயையும் 85 லட்சம் டாலருக்கு, பெரும்பகுதி கடனாக, சகோதரர்கள் வாங்கினார்கள். மனைத் தரகர்களாக இருந்தவர்கள் ரயில்வே முதலாளிகளானது இப்படித்தான். 1920 ஏப்ரல் 11 அன்று ரேப்பிட் நகர மையம் வரை ஓடியது. அந்த வருடக் கணக்கெடுப்பில் ஷேக்கர் ஹைட்ஸின் மக்கள்தொகை 1,616. பத்து வருடம் கழித்து 17,783. ரயில் என்ன செய்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நகர மையத்தில் நீங்கள் ஏறிய டவர் சிட்டி நிலையமும் இதே சங்கிலியின் கடைசிக் கண்ணி. 1930ல் திறந்த அந்த யூனியன் டெர்மினலுக்கு மேல் நிற்கிற 52 மாடி, 708 அடி டெர்மினல் டவர் 1960கள் வரை நியூயார்க்குக்கு வெளியே அமெரிக்காவிலேயே உயரமான கட்டடம். அதற்குள் பொருளாதார வீழ்ச்சி வந்துவிட்டது. ஏறக்குறைய 300 கோடி டாலர் மதிப்பிட்ட ரயில்வே சாம்ராஜ்யம் 1935ல் ஏலத்துக்கு வந்து, 30 லட்சத்துக்குச் சற்று மேலான தொகைக்குப் போனது. அதே வருடம் தம்பி இறந்தார், மறு வருடம் அண்ணன். லேக் வியூ கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே கல், அதில் ‘சகோதரர்கள்’ என்ற சொல்.

இன்றைக்கு இறங்க வேண்டிய இடம் ஷேக்கர் ஸ்கொயர். 1927க்கும் 1929க்கும் இடையில் கட்டியது. பெயரில் சதுரம் இருந்தாலும் எண்கோணம். நான்கு மூலையிலும் செங்கல் கட்டட வரிசை, நடுவே புல்வெளி, அதன் குறுக்கே தண்டவாளம். கோபன்ஹேகனின் அமாலியன்போர்க் அரண்மனைச் சதுக்கத்தைப் பார்த்து வடிவமைத்ததாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் திட்டமிட்டுக் கட்டிய வணிக வளாகங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. கவனிக்க வேண்டியது, இது ஷேக்கர் ஹைட்ஸில் இல்லை, கிளீவ்லாந்து மாநகர எல்லைக்குள் இருக்கிறது. கடைகள் இங்கே, வீடுகள் அங்கே. ஊருக்குள் கடைத்தெருவை வளரவிடாமல் வாசலிலேயே நிறுத்திய அந்த முடிவுக்கு இன்றும் வரியாகப் பணம் கட்டுகிறார்கள். அதை மூன்றாம் நாள் பார்ப்போம்.

நாள் 2: ஏரிகளும் அணைகளும்

கிரீன் லைனில் சவுத் பார்க் நிறுத்தத்தில் இறங்கி வடக்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் லோயர் லேக்கும் அதன் ஓரத்தில் இயற்கை மையமும் வரும். ஏப்ரலில் வருகிறவர்கள் செருப்போடு வர வேண்டாம். பனி உருகிய சேறு பாதையில் கணுக்கால் வரை நிற்கும். சேறு வேண்டாம் என்றால் மையத்தின் பின்னாலிருந்து தொடங்கும் மரப்பலகை நடைபாதையில் போங்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றிச் செல்லும், சதுப்பின் மேலேயே நடக்கலாம்.

இந்த ஏரிகளை உண்டாக்கியவர்கள் ஷேக்கர்கள். ஆன் லீ என்ற பெண்ணின் தலைமையில் 1774ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து அமெரிக்கா வந்த சிறு கிறிஸ்தவக் கூட்டம் அது. வழிபாட்டில் உடல் நடுங்க ஆடியதால் அந்தப் பெயர். ஆணும் பெண்ணும் சமம், சொத்து பொது, இல்லற வாழ்வு கிடையாது. 1822ல் ரால்ஃப் ரஸ்ஸல் தன் குடும்ப நிலத்தையே கொடுத்து இங்கே நார்த் யூனியன் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். உச்சத்தில் சுமார் 300 பேர் இருந்தார்கள். ஒரே வீட்டில் ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. துடைப்பம், விதைப் பொட்டலம், கம்பளித் துணி விற்றுப் பிழைத்தார்கள்.

டோன் புரூக் என்ற சிற்றாறு சரிவில் வேகமாக இறங்குவதைப் பார்த்து 1837ல் மண் அணை கட்டினார்கள், அதுதான் லோயர் லேக். மாவு மில்லும் மர மில்லும் அந்தத் தண்ணீரில் ஓடின. 1852ல் மேலே இன்னொரு அணை. அங்கே தேங்கியது ஹார்ஸ்ஷூ லேக், குதிரை லாட வடிவம். பிள்ளை பெறாத சமூகம் புதிதாகச் சேருகிறவர்களையும் அனாதைக் குழந்தைகளையும் நம்பித்தான் நிற்க முடியும். உள்நாட்டுப் போருக்குப் பின் தொழிற்சாலைச் சரக்கு மலிவாக வந்தது, இளைஞர்கள் நகர வேலைக்குப் போனார்கள். 1889ல் 27 பேர் மிஞ்சியபோது குடியிருப்பைக் கலைத்துவிட்டு ஒஹையோவிலேயே வேறு ஷேக்கர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். 1892ல் நிலம் 3,16,000 டாலருக்கு விலை போனது. சில கை மாறி, கடைசியில் வான் ஸ்வெரிங்கன் சகோதரர்களிடம் வந்தது.

ஏரியைச் சுற்றிய பகுதி மட்டும் 1890களில் பூங்காவாக கிளீவ்லாந்து மாநகருக்குத் தானமாகப் போனது. தானம் என்றாலும் கணக்கு உண்டு. பூங்காவை ஒட்டிய மனை நல்ல விலைக்குப் போகும். சொத்து கிளீவ்லாந்துடையது, குத்தகையில் பராமரிப்பவர்கள் ஷேக்கர் ஹைட்ஸும் கிளீவ்லாந்து ஹைட்ஸும். இதையும் நினைவில் வையுங்கள், அணைச் சண்டையில் வரும்.

இயற்கை மையம் வந்த கதை இது. 1963 இறுதியில் மாவட்டப் பொறியாளர் ஆல்பர்ட் போர்ட்டர் கிளார்க் ஃப்ரீவே என்ற விரைவுச் சாலைத் திட்டத்தை வெளியிட்டார். சாலை நேராக இந்த ஏரிகளின் மேல் வரும்படி வரைந்திருந்தது. எதிர்த்தவர்களிடம் அவர் ஏரியை ஒன்றுக்கும் உதவாத வாத்துக் குட்டை என்ற பொருளில் பேசியதை ஊர் இன்றும் மறக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் பெண்கள் நடத்திய 35 தோட்டக் கழகங்கள். அவர்கள் கையாண்ட உத்தியைக் கவனிக்க வேண்டும். மறியலோடு நிற்காமல், சாலை வர வேண்டிய இடத்திலேயே 1966ல் ஒரு கல்வி நிறுவனத்தை நிறுவினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்துபோகும் இடத்தை இடிப்பது அரசியல்வாதிக்குச் சுலபமல்ல. 1970ல் ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ் திட்டத்தைக் கைவிட்டார். இந்த மக்களிடம் பணமும் வக்கீலும் செல்வாக்கும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே காலத்தில் கிளீவ்லாந்தின் ஏழைப் பகுதிகளில் சாலைகள் தடையின்றி வந்தன.

சவுத் பார்க் புலிவார்டு வழியே கிழக்கே ஒரு மைல் போனால் ஹார்ஸ்ஷூ லேக் இருந்த இடம். பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏரியில் தண்ணீர் இல்லை. அணையில் சேதம் கண்ட பிறகு 2019ல் தண்ணீரை இறக்கிவிட்டார்கள். பழைய மண் அணைகள் பாழாவது பெரும்பாலும் உள்ளிருந்துதான். கரையில் வளரும் மரவேர் மண்ணுக்குள் குழாய்போல வழி திறக்கும். அதில் நீர் கசியும்போது மண்ணையும் சேர்த்து அரித்துப் போகும். கல் சுவருக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். வெளியே தெரியும்போது ஒரு குழியாகத்தான் தெரியும். கீழே டோன் புரூக், கிளீவ்லாந்தின் யூனிவர்சிட்டி சர்க்கிள் பகுதியிலுள்ள மருத்துவமனைகள், அருங்காட்சியகங்கள் பக்கம் நிலத்தடிக் குழாயில் நுழைகிறது. அணை உடைந்தால் அடி அங்கேதான் விழும்.

2021ல் வட்டாரக் கழிவுநீர் வாரியம் பரிந்துரை சொன்னது. லோயர் லேக் அணையைப் புதுப்பிக்கலாம், ஹார்ஸ்ஷூ அணையை அகற்றி ஓடையைப் பழைய வழிக்கு விடலாம் என்று. காரணம், மேலே உள்ள ஏரி வெள்ளத்தைத் தடுப்பதில் பெரிதாக உதவவில்லை. மழைநீர்க் கட்டணமாக வட்டாரம் முழுவதும் வசூலித்த பணத்தை அழகுக்காகச் செலவழிக்க வாரியத்துக்கு வழியில்லை. ஏரி வேண்டும் என்கிறவர்கள் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் வந்து நின்றார்கள். உரிமை ஓர் ஊருக்கு, குத்தகை இரண்டு ஊர்களுக்கு, வெள்ளப் பொறுப்பு நான்காவது அமைப்புக்கு. கரையில் நின்றால் சேற்றுத் தரையில் முளைத்த புதர்களும் நடுவே நெளியும் ஓடையும் தெரியும். 1852க்கு முன் இந்த இடம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

பக்கத்திலேயே ஷேக்கர் வரலாற்று அருங்காட்சியகம், 1910ல் கட்டிய ஒரு மாளிகையில். முன்கூட்டித் திறப்பு நேரம் பார்த்துவிட்டுப் போங்கள், வாரம் முழுதும் திறந்திருக்காது. நாற்காலிகளைக் குனிந்து பாருங்கள். சித்திரவேலை எதுவும் இல்லை, கால்கள் மெலிந்தவை, முதுகுச் சட்டங்கள் ஏணிப்படிபோல. பயன்படாத நேரத்தில் சுவரில் உள்ள முளையில் தலைகீழாக மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள். ஷேக்கர்களின் எலும்புகளும்கூட இங்கே இல்லை. மனை போடத் தொடங்கியபோது, 1909ல், கல்லறையைத் தோண்டி லீ ரோட்டில் உள்ள வாரன்ஸ்வில் வெஸ்ட் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். ஊருக்கு அவர்கள் பெயர் மட்டும் மிஞ்சியது. எளிமையே வாழ்க்கை என்ற கூட்டத்தின் பெயரில் மாளிகை மனை விற்றது நல்ல வியாபாரம்.

நாள் 3: வீடுகளை வாசிப்பது

நாள் முழுக்க நடை. கார் இருந்தாலும் நிறுத்திவிட்டு நடப்பதே சரி. இரவில் மட்டும் தெருவில் காரை விடாதீர்கள், அபராதச் சீட்டு நிச்சயம்.

தெருக்கள் வளைந்து போவதற்குக் காரணம் உண்டு. எஃப்.ஏ. பீஸ் பொறியியல் நிறுவனம் வரைபடம் போட்டபோது, வெளியூர் வண்டிகள் குறுக்கு வழியாக நுழையாதபடி உள்தெருக்களை வளைத்து, நேரான அகலச் சாலைகளை ரயிலோடு சேர்த்து வைத்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காமல் நடந்து போக வேண்டும் என்பது கணக்கு. இப்படி ஒன்பது வட்டாரங்கள்.

வான் ஏக்கன் புலிவார்டில் தொடங்கித் தெற்கே நடந்தால் வகுப்பு வாரியாக அடுக்கியது தெரியும். தண்டவாளத்தை ஒட்டி அடுக்குமாடிகள். அடுத்த தெருவில் இரட்டைக் குடியிருப்புகள். அதற்கு அப்பால் தனி வீடுகள். மாளிகைகள் ஏரிப் பக்கம். வருமானத்துக்கு ஏற்ற இடம் எல்லாருக்கும் உண்டு, ஆனால் அந்தந்த வரிசையில்.

வின்ஸ்லோ ரோட்டில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். இரண்டு பக்கமும் வசதியான தனி வீடுகள்போலத் தெரியும். அத்தனையும் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் இருக்கும் இரட்டை வீடுகள். இரண்டு குடித்தனம் என்று தெருவில் போகிறவனுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அதனால் முகப்பில் ஒரே ஒரு பெரிய வாசல், உள்ளே போன பிறகுதான் வழி பிரியும், அல்லது இரண்டாவது கதவு பக்கவாட்டில் ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க வேண்டும் என்றால் வாசலருகே அழைப்பு மணியும் தபால் பெட்டியும் எத்தனை என்று எண்ணுங்கள்.

1925ல் வான் ஸ்வெரிங்கன் கம்பெனி ‘ஷேக்கர் வில்லேஜ் தரநிலைகள்’ என்று ஒரு விதிப் புத்தகம் போட்டது. ஆங்கில, பிரெஞ்சு, காலனிய பாணி மட்டுமே அனுமதி. படித்த கட்டடக் கலைஞர் வரைந்திருக்க வேண்டும். வரைபடம் கம்பெனியின் ஒப்புதலுக்கு வர வேண்டும். பாணிக்கு ஏற்ற வண்ணம் எது என்பதுவரை சொல்லியிருந்தது. இந்தக் கட்டுப்பாடுகள் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டு 99 ஆண்டுகள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. நமக்குத் தெரிந்த வில்லங்கம் கடனால் வருவது, இது விற்றவனே வேண்டுமென்று வைத்த வில்லங்கம்.

பாணியை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. வெள்ளைப் பூச்சின் நடுவே கரும்பழுப்பு மரச்சட்டம், செங்குத்துக் கூரை, கொத்தாக எழும் புகைபோக்கி, ஈயப்பட்டியில் கோத்த சிறு கண்ணாடிகள் என்றால் ஆங்கிலம். நாற்புறமும் சரியும் கூரை, மூலையில் கல் அடுக்கு, சில சமயம் படிக்கட்டுக்கென்று ஓர் உருண்டைக் கோபுரம் என்றால் பிரெஞ்சு. நடுவில் வாசல், இரு பக்கமும் ஒரே கணக்கில் ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கப் பலகைகள் என்றால் காலனியம்.

நூறு வயதை நெருங்கும் இந்த வீடுகளை வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களும் மருத்துவமனை வேலைக்காகக் கிளீவ்லாந்து வருகிறவர்களில் உண்டு. அவர்களுக்காகச் சில வரி. ஸ்லேட் கூரையில் கல் நூறாண்டு தாங்கும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் ஆணியும் கூரை மடிப்பில் வைத்த செப்புத் தகடும் முன்பே போய்விடும். பழக்கமில்லாத ஆள் கூரையில் ஏறி நடந்தால் பத்து ஸ்லேட் உடையும். மழைக்காலத்தில் நிலவறையில் கழிவுநீர் எழுந்தால் காரணம் பெரும்பாலும் தெரு மரங்கள்தான்: வீட்டிலிருந்து போகிற பழைய சுடுமண் குழாயின் இணைப்பில் வேர் புகுந்துவிடும். வாங்குமுன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் பரணில் வெப்பம் கசிந்தால் கூரைமேல் பனி உருகி, ஓரத்தில் மீண்டும் உறைந்து அணைபோல நின்று, தண்ணீரை உள்சுவருக்குள் தள்ளும். 1978க்கு முன் கட்டியது என்பதால் ஈய வண்ணத்தை எதிர்பார்த்தே போக வேண்டும், கைக்குழந்தை இருந்தால் ஜன்னல் ஓரங்களை முதலில் சரிசெய்யுங்கள்.

விற்பனைக்கு முன் மாநகராட்சி ஆய்வாளர் வந்து உள்ளும் புறமும் பார்த்து, பழுதுப் பட்டியல் எழுதுவார். விற்பவர் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் வாங்குபவர் பொறுப்பேற்று, மதிப்பிட்ட செலவில் 150 சதவீதத்தை மூன்றாம் நபர் கணக்கில் கட்டிவைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகே பணம் திரும்பும். வீட்டுக்குப் பேசிய விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

குப்பை எடுத்த முறையும் சொல்ல வேண்டிய ஒன்று. வாசலில் தொட்டி வைத்தால் தெரு அழகு கெடும் என்று நீண்ட காலமாக வீட்டின் பின்புறத்திலிருந்தே எடுப்பது வழக்கமாக இருந்தது. ஒருவர் மட்டும் உட்காரும் சிறு வண்டி ஒவ்வொரு வீட்டின் ஓடுபாதையிலும் பின்பக்கம் வரை ஓடி, எடுத்து வந்து தெருவில் நிற்கும் பெரிய லாரியில் கொட்டும். ஆள் செலவு அதிகம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? ஆலையும் பெரிய கடைத்தெருவும் வராதபடி திட்டமிட்ட ஊரில் வீட்டுக்காரன்தான் வரி கட்ட வேண்டும். ஒஹையோவிலேயே மிக உயர்ந்த சொத்து வரி கட்டும் ஊர்களில் இது ஒன்று. மேலே 2.25 சதவீத நகர வருமான வரி வேறு.

நாள் 4: எல்லைகள்

புளூ லைனில் டிரெக்ஸ்மோர் நிறுத்தத்தில் இறங்கினால் லட்லோ வட்டாரம். கிளீவ்லாந்துக்கும் ஷேக்கர் ஹைட்ஸுக்கும் இடையிலான எல்லைக்கோடு இந்த வட்டாரத்தின் குறுக்கே போகிறது. எல்லைக்கு அப்பால் இருந்தாலும் பிள்ளைகள் ஷேக்கர் பள்ளிகளுக்கே போவார்கள். ஊரின் முக்கியமான வரலாறு நடந்தது மாளிகைத் தெருவில் இல்லை, இந்தச் சாதாரண வீடுகளின் நடுவே.

முந்தைய நாள் பார்த்த பத்திரக் கட்டுப்பாடுகளில் இன்னொரு பிரிவும் இருந்தது. கம்பெனியின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல், அல்லது பிற்பாடு அக்கம்பக்க உரிமையாளர்களின் சம்மதம் இல்லாமல், சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. கறுப்பர் என்றோ யூதர் என்றோ எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. யாரிடம் சம்மதம் கேட்டு யாருக்குக் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். 1948ல் இனக் கட்டுப்பாட்டுப் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகும் இந்தச் சம்மத முறை உடனே சாகவில்லை.

1950களில் கறுப்பினக் குடும்பங்கள் லட்லோவில் வீடு வாங்கத் தொடங்கின. வழக்கறிஞர் ஜான் பெக்கின் புதிய வீட்டில் 1956 ஜனவரியில் குண்டு வெடித்தது, கார் கொட்டகை நாசமானது. மற்ற ஊர்களில் இதற்குப் பிறகு நடந்தது ஒரே கதைதான். தரகர்கள் வெள்ளையரிடம் ‘விலை சரியுமுன் விற்றுவிடுங்கள்’ என்று பயம் காட்டி மலிவாக வாங்கி, கறுப்பரிடம் கூடுதல் விலைக்கு விற்று, இரண்டு மூன்று வருடத்தில் தெருவே கைமாறும். லட்லோவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசத் தொடங்கி, 1957ல் லட்லோ சமூகச் சங்கம் உருவானது.

அவர்கள் செய்தது பேச்சோடு நிற்கவில்லை. தரகர்கள் வெள்ளையருக்கு அந்த வட்டார வீட்டைக் காட்டவே மறுத்தார்கள் என்பதால் சங்கமே வீடு காட்டும் வேலையை ஏற்றது. முன்பணம் போதாத வெள்ளைக் குடும்பங்களுக்கு இரண்டாவது அடமானக் கடன் கொடுத்தது. நாற்காலி போட்டுச் சந்திப்பு, வெளியூர் பத்திரிகைகளுக்குச் செய்தி என்று விளம்பரமும் செய்தது. பிற்பாடு மாநகராட்சியே இந்த முறையை ஊர் முழுதும் எடுத்துக்கொண்டது. இதில் ஒரு முள் உண்டு. கலப்பு நிலைக்க வேண்டும் என்றால் வெள்ளையரை இழுக்க வேண்டும் என்பதே கணக்கு. அதனால் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது இன்னொரு வகை வடிகட்டலாகப் பட்டது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் சங்கம் இல்லாமல் போயிருந்தால் ஐந்தே வருடத்தில் லட்லோ முழுதாகக் கைமாறியிருக்கும் என்பதும் உண்மைக்கு நெருக்கமான ஊகம்.

1976ல் கதை மறுபக்கம் திரும்பியது. தெற்கு எல்லையில், கிளீவ்லாந்தின் கறுப்பினக் குடியிருப்பை ஒட்டிய தெருக்கள் சிலவற்றை மாநகராட்சி தடுப்பு வைத்து மூடியது. போக்குவரத்து நெரிசலுக்காக என்றது. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் அதை பெர்லின் சுவர் என்றார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் நடந்தால் நேராகப் போக வேண்டிய தெரு திடீரென்று வளைவது, ஒருவழியாவது கண்ணில் படும்.

பள்ளிகளில் 1970ல் தானாக முன்வந்து கொண்டுவந்த திட்டப்படி, பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்த மோர்லேண்ட் பள்ளியிலிருந்து மற்றப் பள்ளிகளுக்கும் அங்கிருந்து இங்கும் பேருந்து ஓடியது. நீதிமன்றம் கட்டாயப்படுத்தி இல்லை என்பதுதான் இதில் விசேஷம். 1987ல் மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் நான்கு தொடக்கப் பள்ளிகளை மூடி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். லட்லோ, மோர்லேண்ட், மால்வர்ன், சசெக்ஸ். நடந்தே பள்ளிக்குப் போவது என்ற பழைய ஏற்பாடு அதோடு பல வட்டாரங்களில் முடிந்தது. ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தாலும் உயர்நிலை வகுப்புகளில் யார், சாதாரண வகுப்புகளில் யார் என்ற பிரிவு மறையவில்லை. 1997ல் கறுப்பினப் பெற்றோரே அழைத்து மானுடவியலாளர் ஜான் ஓக்பு இங்கே வந்து ஆராய்ந்தார். அவர் கண்டுசொன்னது பெற்றோரையே கோபப்படுத்தி, நாடு முழுதும் விவாதமானது.

லீ ரோடு நிறுத்தத்தில் இறங்கினால் மோர்லேண்ட் பள்ளிக் கட்டடத்தைப் பார்க்கலாம். 1993லிருந்து ஊரின் பிரதான நூலகம் அது. கழிப்பறை, குடிநீர், சூடான அறை எல்லாம் இலவசம், குளிரில் நடப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடைநிறுத்தம் இல்லை. ஹைனென்ஸ் என்ற வட ஒஹையோ மளிகைக் கடைச் சங்கிலி 1929ல் ஓர் இறைச்சிக் கடையாகத் தொடங்கியதும் ஷேக்கர் ஹைட்ஸில்தான்.

புளூ லைனின் கடைசி நிறுத்தம் வாரன்ஸ்வில். பல சாலைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, நடப்பவர் கடக்கவே அஞ்சிய சந்திப்பு இது. நடுவில் 1950களின் பழைய கடை வரிசை, அதன் முன்னால் கார் நிறுத்துமிடம். மாநகராட்சி முதலில் சாலைகளை மாற்றி அமைத்துச் சந்திப்பை எளிதாக்கியது, அதில் விடுபட்ட நிலத்தையும் சேர்த்து 2018ல் வான் ஏக்கன் டிஸ்ட்ரிக்ட் திறந்தது. உணவுக் கூடம், கடைகள், அலுவலகங்கள், குடியிருப்பு, நடுவே உட்காரப் புல்வெளி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உணவுக் கூடத்தில் வழி கிடைக்கும், ஆனால் குழம்பு எதில் கொதித்தது என்று கேட்டுவிடுங்கள். 1920களில் வேண்டாம் என்று வாசலுக்கு வெளியே நிறுத்திய கடைத்தெருவை, அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களின் 2.25 சதவீதத்துக்காக ஊர் தானே உள்ளே அழைத்திருக்கிறது. சொத்து வரிச் சுமை அதனால் எவ்வளவு இறங்கும் என்பதை வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். பக்கத்து மோர்லேண்ட் வட்டாரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் பார்க்கிற கணக்கு வேறு.